திரைப்பதிவு வீடியோவைப் பாடத்தில் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும்

மென்பொருள் கற்றுத்தரும் இணையவழிப் பாடங்களைத் தயாரிப்பது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "எதில் பதிவு செய்யலாம்?" என்பதுதான். ஓபிஎஸ் ஸ்டூடியோ போதும். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதற்கு மேல் அந்தக் கேள்வியில் நேரத்தை வீணாக்க வேண்டாம். கேட்க வேண்டியது வேறு: வீடியோ பாடத்தின் எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாகத் தெரியப்போகிறது? அது தெரியும்வரை பதிவுப் பொத்தானைத் தொடாதீர்கள்.

உங்கள் திரை 1920 × 1080 என்று வையுங்கள். பாடப் பக்கத்தில் இடப்புறப் பட்டியல், மேலே தலைப்பு, கீழே 'அடுத்து' பொத்தான் எல்லாம் போக வீடியோவுக்கு மிஞ்சுவது 960 × 540 ஆக இருக்கலாம். பரப்பில் அது கால் பங்குதான். உங்களுக்குப் பளிச்சென்று தெரிந்த மெனு எழுத்து, படிப்பவருக்கு எறும்பு ஊர்வதுபோல் தெரியும். கைபேசியில் கேட்கவே வேண்டாம். எனவே முழுத் திரையை விட்டுவிட்டு, 1280 × 720 அளவுள்ள ஒரு சாளரத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். உலாவிக்குள் இயங்கும் மென்பொருள் என்றால் 125 அல்லது 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

சாளரத்தைக் கையால் இழுத்து 1283 × 717 என்று ஏதோ ஓர் அளவில் விடுவது வம்பு. எச்.264 என்ற வழக்கமான சுருக்க முறையில் அமைந்த வீடியோவுக்கு அகலம், உயரம் இரண்டும் இரட்டைப்படையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் ஓரத்தை வெட்டும், அல்லது படத்தை நீட்டிச் சுருக்கி எழுத்தை மங்கலாக்கும். ஓபிஎஸ்ஸின் வீடியோ அமைப்பில் 'பேஸ்', 'அவுட்புட்' என இரண்டு அளவுகள் இருக்கும். இரண்டையும் ஒன்றாகவே வையுங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் போதும். ஒரு மெனு திறந்து மூடுவதைக் காட்ட 60 எதற்கு?

கோப்பு வகையில் நான் எம்கேவியைத்தான் தேர்ந்தெடுப்பேன். நடுவில் கணினி நின்றுபோனாலும் அதுவரை பதிந்தது தப்பிக்கும். சாதாரண எம்பி4 பாதியில் நின்றால் பெரும்பாலும் திறக்காது. முடிந்ததும் ஓபிஎஸ்ஸின் கோப்பு மெனுவிலேயே 'ரீமக்ஸ்' செய்தால், அதாவது கோப்பின் உறையை மட்டும் மாற்றினால், தரம் குறையாமல் எம்பி4 கிடைத்துவிடும்.

பதிவுக்கு முன் அறிவிப்புகளை நிறுத்துங்கள், உலாவியின் புத்தகக்குறிப் பட்டையை மறையுங்கள். மாதிரிக் கணக்கு ஒன்றைத் திறந்து கற்பனைப் பெயர்களை நிரப்பிவையுங்கள். உண்மையான வாடிக்கையாளரின் தொலைபேசி எண் ஒரு நொடி தெரிந்தாலும் முழுப் பதிவையும் மீண்டும் எடுக்க வேண்டியதுதான்.

பாடம் புரிவதும் புரியாததும் பெரும்பாலும் மவுஸின் கையில் இருக்கிறது. 'ஏற்றுமதி' பொத்தானைக் காட்டவேண்டும் என்றால், கர்சரை அதன் அருகே கொண்டுவந்து நிறுத்துங்கள். மேலேயே வைத்தால் குறிப்புப் பெட்டி முளைத்து, பக்கத்துப் பொத்தானை மறைத்துவிடும். ஒரு நொடி பொறுத்து, பெயரைச் சொல்லி, அழுத்துங்கள். விளைவு திரையில் வந்து நிற்கும்வரை கர்சர் அசையக்கூடாது. பேசிக்கொண்டே கர்சரால் வட்டம் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. பார்ப்பவரின் கண் அந்த வட்டத்தின் பின்னால்தான் ஓடும், உங்கள் சொல் காதில் ஏறாது.

குரலை நான் தனியாகவே பதிவு செய்கிறேன். மென்பொருளின் அடுத்த பதிப்பில் பொத்தான் இடம் மாறினால் படத்தை மட்டும் மாற்றினால் போதும். அதற்காகவே "மேலே வலப்புறம் மூன்றாவது நீலப் பொத்தான்" என்று சொல்லாமல் பெயரைச் சொல்லவேண்டும். திரையைப் பார்க்க முடியாதவருக்கும் அதுதான் உதவும். பேசத் தொடங்கும் முன் ஐந்து நொடி மௌனத்தைப் பதிந்துகொள்ளுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் இரைச்சல் நீக்க அந்த மௌனம்தான் மாதிரி.

நீளம்? எடெக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் பார்த்த இடைநிலை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. செய்முறை வீடியோவுக்கு அதுவே அதிகம் என்பது என் கருத்து. ஒரு வேலைக்கு ஒரு வீடியோ, இரண்டு மூன்று நிமிடம். படிப்பவர் பிற்பாடு அந்த ஒரு வேலையைத் தேடித்தான் திரும்பி வருவார்.

கடைசியாக ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கோப்பு வகைக்கு எம்பி4, படத்துக்கு எச்.264, ஒலிக்கு ஏஏசி என்று வைத்து, 'வெப் ஆப்டிமைஸ்டு' பெட்டியை மறக்காமல் தேர்வு செய்யுங்கள். கோப்பின் அட்டவணைப் பகுதி முன்னால் வந்துவிடுவதால், முழுவதும் இறங்கும்வரை காத்திராமல் வீடியோ ஓடத் தொடங்கும்.

கற்றல் தளத்தில் பாடத்தை ஒரே கோப்பாக ஏற்றும் ஸ்கார்ம் தொகுப்புக்குள் எல்லா வீடியோவையும் திணிப்பதை முடிந்தவரை தவிர்க்கிறேன். ஓர் எழுத்தைத் திருத்தினாலும் முழுத் தொகுப்பையும் மறுபடி ஏற்றவேண்டும். கற்றல் தளத்தின் பதிவேற்ற வரம்பும் குறுக்கே வரும். வீடியோவைத் தனிச் சேவையகத்தில் வைத்துப் பக்கத்தில் பதிப்பது மேல். ஆனால் படிப்பவர்களின் அலுவலக வலையமைப்பு அந்தச் சேவையகத்தை அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மூடுல் என்ற கற்றல் தளத்தில், ஊடாடும் பயிற்சிகளை உருவாக்கும் எச்5பி கருவி இப்போது உள்ளேயே இருப்பதால், நடுவில் வீடியோவை நிறுத்தி ஒரு கேள்வி கேட்பதும் எளிது. ஒலியுடன் தானாக ஓடும் வீடியோவை உலாவிகள் பொதுவாகத் தடுத்துவிடும் என்பதால் 'இயக்கு' பொத்தானைத் தெளிவாகக் காட்டுங்கள்.

வசன வரிக்கு வெப்விடிடி கோப்பு. எஸ்ஆர்டி என்ற இன்னொரு வகை வசனக் கோப்பு கையில் இருந்தால், முதல் வரியில் WEBVTT என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் சேர்த்து, நேரக் குறிப்பில் மில்லி நொடிக்கு முன் வரும் காற்புள்ளியைப் புள்ளியாக மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் சிதறும்.

எல்லாம் முடிந்ததும் நிர்வாகிக் கணக்கில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். மாணவர் கணக்கில், கைபேசியில், மெதுவான இணைப்பில் திறந்து பாருங்கள். பாதியில் மூடிவிட்டு வந்தால் 'முடிந்தது' என்று பதிவாகிறதா என்பதையும் சோதியுங்கள்.