கழுத்து அதிர்ச்சிக் காயம்: வலியை நீட்டிக்கும் தவறுகள்

பின்னால் வந்த வண்டி மோதும்போது உடல் முன்னே தள்ளப்பட, தலை ஒரு கணம் பின்தங்கிப் பிறகு முன்னோக்கி வீசப்படுகிறது. இதில் கழுத்தின் தசைகளும் தசைநார்களும் சிறு மூட்டுகளும் இழுபடுவதையே மருத்துவர்கள் ‘விப்லாஷ்’ என்கிறார்கள். வலி பெரும்பாலும் சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோதான் தொடங்கும் என்பதால், விபத்து நடந்த இடத்திலேயே ‘ஒன்றுமில்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரங்களில் கழுத்து பிடித்துக்கொண்டால் சுளுக்கு வழிப்பவரிடம் போவதே வழக்கம். சூடாக எண்ணெய் தடவி மேலாக நீவுவதைப் பற்றி இங்கே பேச்சில்லை. தலையைப் பிடித்துத் திருகிச் சொடக்கு எடுப்பதுதான் ஆபத்து. எலும்பு முறிவு மறைந்திருந்தால் தண்டுவடம் பாதிக்கப்படலாம். அரிதாகக் கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதமும் வரலாம். கை, கால்களில் மரத்துப்போதல் அல்லது பலவீனம், பின்கழுத்தின் நடுக்கோட்டில் உள்ள எலும்பைத் தொட்டால் வலி, இரு பக்கமும் 45 பாகை அளவுக்குத் தலையைத் திருப்ப முடியாமை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலும், அடிபட்டவர் 65 வயதைக் கடந்தவராக இருந்தாலும், முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும். அத்தகையவரை இருசக்கர வாகனத்தில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோவது பெரும் தவறு. கழுத்தை அசைக்காமல் 108-ஐ அழைப்பதே முறை.

எலும்பு முறிவு இல்லை என்று உறுதியான பின் செய்யும் தவறு இதற்கு நேர்மாறானது. கழுத்துப் பட்டையை வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டு படுத்தே கிடந்தால் தசைகள் மெலிந்து விறைப்பு கூடுகிறது. முகவாயைத் தோளை நோக்கி மெல்லத் திருப்பி, இழுப்பு தெரிகிற இடத்தில் நிறுத்தி, மறுபடி நடுவுக்குக் கொண்டுவருவதை இரு பக்கமும் நாளுக்குப் பலமுறை செய்யலாம். அப்போது சிறிது வலிப்பது கேடு நடப்பதன் அடையாளம் அன்று. ஆனால் இரண்டு நாளில் வலி தணிந்துவிட்டது என்று நாற்று முடியையோ நெல் மூட்டையையோ தலையில் ஏற்றுவது சரியாகாது. நடவுக்கு ஆள் கிடைக்காத நேரத்தில் இதைச் சொல்வது எளிது, கேட்பது கடினம் என்பதும் உண்மைதான்.

மருந்துக்கடையில் வாங்கும் ‘செட்டு மாத்திரை’யில் ஒரே மருந்து இரண்டு பெயர்களில் இருக்கக்கூடும். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோயாளிகளுக்கும் மது அருந்துவோருக்கும் அதனினும் குறைவு. டைக்ளோஃபினாக் போன்றவை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது.

எக்ஸ்-ரே படத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது வேறொரு சிக்கல். படத்தில் ஒன்றுமில்லை என்றால் வலியே பொய் என்று வீட்டார் நினைக்கிறார்கள். எக்ஸ்-ரே எலும்பைக் காட்டுமே தவிர, இழுபட்ட தசையையோ தசைநாரையோ காட்டாது. மறுபுறம், ‘தேய்மானம்’ என்று எழுதியிருப்பதைக் கண்டு கழுத்தே போய்விட்டதாக அஞ்சுகிறார்கள். வலியே இல்லாத நடுவயதுக்காரர்கள் பலரின் படத்திலும் அது காணப்படுவதுதான். அந்த அச்சத்தால் அசைவைக் குறைப்பவர்களுக்கே குணமாவது தள்ளிப்போகிறது. பெரும்பாலோர் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் தேறிவிடுகிறார்கள். வலி குறையாமல் நீடித்தாலோ தூக்கம் கெட்டாலோ அதுவரை காத்திராமல் இயன்முறை மருத்துவரைப் பார்ப்பது நல்லது.