சமையல் குறிப்புகளைப் பகிர்வோர் தவிர்க்க வேண்டிய பதிப்புரிமைத் தவறுகள்

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் புதிதாகச் சமையல் குறிப்பு எழுதத் தொடங்கும் நம்மவர்கள், வெளியிடுவதற்கு முன் என்னிடம் காட்டுவதுண்டு. பிறர் எழுதியதை அப்படியே எடுத்துப் போடக் கூடாது என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

'நன்றி' போட்டுவிட்டோம் என்ற நிம்மதி

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். செம்பூரில் வசிக்கும் ஓர் அம்மையார் தவலை அடையின் செய்முறையைச் சொந்த நடையில் அழகாக எழுதினார். படத்தை மட்டும் இணையத்தில் தேடி எடுத்து, அடியில் 'நன்றி: இணையம்' என்று சேர்த்தார். சில மாதங்களில், படம் எடுத்தவரின் வழக்கறிஞரிடமிருந்து கட்டணம் கேட்டு நோட்டீஸ் வந்தது. நன்றி தெரிவித்திருக்கிறேனே என்று அவர் வாதாடிப் பார்த்தார். படம் தம்முடையதன்று என்பதை அறிந்தே பயன்படுத்தினார் என்பதற்கு அந்த வரியே சான்றாக நின்றது. பணம் கொடுத்துத்தான் விவகாரம் முடிந்தது. அடை வார்த்த அன்று தம் கைப்பேசியில் ஒரு படம் எடுத்திருந்தால் அவருக்கு ஒரு பைசா செலவாகியிருக்காது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தையும் கலைப்படைப்பாகவே கொள்கிறது. எங்கும் பதிவு செய்யாவிட்டாலும் எடுத்தவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. பொதுவாக, எடுத்தவரின் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. படைத்தவரின் பெயரைக் குறிப்பிடுவது ஒரு கடமை, பயன்படுத்த அனுமதி பெறுவது வேறொரு கடமை. முதலாவதைச் செய்ததால் இரண்டாவது தீர்ந்துவிடாது. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சலாக இருந்தாலும் சரி. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான படங்களுக்கு அந்த அனுமதி முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது என்றாலும், அங்கும் நிபந்தனைகளைப் படித்த பிறகே எடுக்க வேண்டும்.

பொருள்களின் பட்டியலுக்கே அஞ்சுவது

இந்த அச்சம் தேவையில்லை. இவ்வளவு அரிசி, இவ்வளவு துவரம்பருப்பு என்ற அளவுகளும், ஊறவைத்துக் கரகரப்பாக அரைக்கும் முறையும் எவருடைய தனிச்சொத்தும் அல்ல. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்புக்கு ஒருவர் எழுதிய முன்னுரையும் விளக்கமும், அவர் தேர்ந்தெடுத்து அடுக்கிய தொகுப்பும் அவருடையவை. அவற்றில் நான்கு சொற்களை மாற்றி வைப்பதால் அவை உங்களுடையவை ஆகிவிடா.

காணொளிக்குப் பின்னணியில் திரைப்பாடல்

வேண்டாம்.

போட்டிப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது

பதிப்புரிமை முழுவதையும் ஒப்படைக்கும் வரி அதில் இருக்கக்கூடும். காலமும் எல்லையும் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். 'நிரந்தரமாக, உலகெங்கும்' என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

திருடியவரோடு பொதுவில் சண்டையிடுவது

எந்தப் படைப்பு, அது உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம், நகல் எங்கே இருக்கிறது என்ற விவரங்களோடு அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் அளியுங்கள். 2013ஆம் ஆண்டின் விதிகள் நகலை முடக்கத் தளத்துக்கு 36 மணி நேரம் தருகின்றன. 21 நாட்களுக்குள் நீங்கள் நீதிமன்ற ஆணையைக் கொண்டுவராவிட்டால், தளம் அதை மீண்டும் திறந்துவிடலாம். எனவே, புகார் அனுப்பிய அன்றே வழக்கறிஞரையும் பாருங்கள்.