3 டிபி டிஸ்க் 746 ஜிபி மட்டும் காட்டினால்

செங்கோட்டையில் பக்கத்து ஸ்டுடியோ அண்ணன், புனலூர் கல்யாண வீடியோக்களைச் சேமிக்க 3 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கிப் பழைய கேஸில் (டிஸ்க்கை வெளியே வைத்துக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) மாட்டினார். விண்டோஸில் 746 ஜிபிதான் காட்டியது. டிஸ்க் போச்சு என்றே முடிவுகட்டிவிட்டார். எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் கேஸ்மேல்தான் சந்தேகம்.

பழைய கேஸ்கள் பலவற்றின் சிப், டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகளான செக்டார்களை 32 பிட்டில் எண்ணும். செக்டாருக்கு 512 பைட் என்றால் சுமார் 2.2 டிபியோடு எண்ணிக்கை தீர்ந்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். அதைத் தாண்டிய மிச்சம்தான் இந்த 746. இந்த நிலையில் டிஸ்க்கில் எதையும் எழுதவே கூடாது, உள்ளே இருப்பது அழியலாம்.

கம்ப்யூட்டரில் நேராக சாட்டா கேபிளில் மாட்டினேன்: 2794 ஜிபி, முழுசாக! (1024-ஆல் எண்ணும் விண்டோஸ் கணக்கில் 3 டிபி என்பது இவ்வளவுதான்.) அப்புறம் பெரிய டிஸ்க்கை ஏற்கும் புது கேஸ் வாங்கி, 2.2 டிபிக்கு மேல் எட்டாத பழைய பார்ட்டிஷன் முறையான எம்பிஆர் வேண்டாம் என்று, புது முறையான ஜிபிடியில் ஃபார்மேட் செய்தோம்.