பேஸ் சலித்துப்போனபோது நான் செய்த தவறுகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று பையன்கள் பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ள வீட்டுக்கு வருவார்கள். அதில் ஒருவன், இரண்டு வருடமாக வாசிப்பவன், போன வாரம் பேஸை உறையிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்திருந்தான். என்னடா என்றேன். "எடுத்தாலே கடுப்பா இருக்குண்ணா. எதை வாசிச்சாலும் ஒரே மாதிரிதான் வருது. அஞ்சு கம்பி பேஸ் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், அது வந்தா சரியாயிடும்" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2009-ல் இதே வசனத்தை நான் பேசியிருக்கிறேன், இன்னும் அதிக நம்பிக்கையோடு.

ஸ்ருதி சேர்க்காமல் வாசிப்பது, தாளம் தட்டும் மெட்ரோனோமைத் தொடாமல் இருப்பது எல்லாம் இங்கே வராது. அதை எந்த வாத்தியாரும் முதல் வாரமே சொல்லிவிடுவார். இது ஓரளவு வாசிக்க வந்தவர்களுக்கு. கை ஓடுகிறது, மனசு ஓடவில்லை என்கிற கட்டத்தில் செய்கிற தப்புகள்.

சலிப்புக்கு மருந்தாகப் புது வாத்தியம் வாங்குவது

அப்போது ஒரு மெல்லிசைக் குழுவில் எட்டு வருடம் ஓடியிருந்தது. தை, வைகாசி முகூர்த்தங்களில் வாரத்துக்கு நாலு ரிசப்ஷன்கூட வரும். ஏறக்குறைய அதே இருபத்தைந்து பாட்டு, அதே வரிசை. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறும்போது இடது கை தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கும். நான் பந்தியில் இன்றைக்கு என்ன இனிப்பு என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

என்னிடம் இருந்தது ஒரு கறுப்பு நாலு கம்பி பேஸ். கச்சேரிக் காசு சேர்த்து செகண்ட் ஹாண்டில் வாங்கியது. கட்டைவிரலை ஊன்றி ஊன்றி, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் மேல் ஒரு மழமழப்பான பள்ளமே விழுந்திருந்தது. குற்றவாளி இதுதான் என்று தீர்ப்பு எழுதினேன். 18,000 ரூபாய்க்கு ஒரு கல்லூரிப் பையனிடம் தள்ளிவிட்டு, மேலே கடன் வாங்கி 62,000 ரூபாய்க்கு ஆறு கம்பி வாங்கினேன்.

முதல் மூன்று வாரம் தூக்கமே இல்லை. அவ்வளவு சந்தோஷம். அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. கழுத்து அகலம், மணிக்கட்டு வலித்தது. நாலு கம்பி பேஸில் தடித்த ஈ கம்பி வினாடிக்கு 41 முறை அதிர்கிறது. ஆறு கம்பியில் அதற்கும் கீழே பி, சுமார் 31. அந்த ஆழத்தை வெளியே தள்ளப் பெரிய சப்-ஊஃபர்கள் வேண்டும். எங்கள் மண்டபங்களில் இருந்த ஸ்பீக்கர்கள் பாதி வழியிலேயே கையை விரித்துவிட்டன. நான் உருகி உருகி வாசித்த கீழ் பி, மேடையில் எனக்கு மட்டும் சொர்க்கம், கீழே இருந்தவர்களுக்கு ஏதோ ஜெனரேட்டர் சத்தம். சரி, மேலே போவோம் என்று மெல்லிய சி கம்பிப் பக்கம் கார்ட், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து, வாசிக்கப் போனேன். அங்கே கீபோர்டுக்காரர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். பாடகி திரும்பி முறைத்தார்.

குழுத் தலைவர் இரண்டு மாதம் பொறுத்தார். ஒரு நாள் இலை போடக் காத்திருக்கும்போது மெதுவாக, "தம்பி, ஆறு கம்பிக்கும் சேர்த்துச் சம்பளம் கேட்டுடாதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாலாவது மாதம் பழைய சலிப்பு திரும்ப வந்தது, இந்த முறை கடன் தவணையோடு. ஆறு கம்பியை 35,000-க்குக் கைமாற்றிவிட்டு, அந்தக் கறுப்பு பேஸையே திரும்ப வாங்கிவிடலாம் என்று கல்லூரிப் பையன் வீட்டுக்குப் போனேன். பேஸ் இருந்தது. ஃப்ரெட்கள் இல்லை. கழுத்தின் குறுக்கே இருக்கும் அந்த உலோகப் பட்டைகளைக் கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருந்தான். விரல் வைக்கும் ஃபிங்கர்போர்டு முழுக்கச் சில்லு சில்லாகப் பெயர்ந்து, கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது. அமெரிக்க பேஸ் வித்தகர் ஜாகோ பாஸ்டோரியஸ் தன் ஜாஸ் பேஸின் ஃப்ரெட்களைக் கழற்றி, பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்ஸிப் பூச்சை மேலே பூசினார் என்ற கதையை விற்கிற அன்று அவனிடம் சொன்னதே நான்தான். பேஸோடு இலவசமாகக் கொடுத்த கதை. கழற்றினார் என்பது வரைதான் அவன் காதில் விழுந்திருக்கிறது.

அந்த 27,000 ரூபாய் நஷ்டம் எப்போதோ ஆறிவிட்டது. அந்தப் பள்ளம் விழுந்த பிக்கப்பை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. பையன் மேல் இல்லை. பேஸிடம் ஒரு கோளாறும் இல்லாதபோது அதை விற்ற என் மேல்.

விரலை மட்டும் பழக்குவது

கையில் பேஸ் இல்லாத அந்த நாட்களில், எங்கள் தெரு தேவாலயத்தில் ஒரு பழைய பேஸ் கிடந்தது. ஜி கம்பியின் முறுக்காணி உடைந்துபோய் மூன்று கம்பிதான். ஞாயிறு ஆராதனைக்கு அதை வாசிக்கக் கூப்பிட்டார்கள். முதல் பாட்டிலேயே திணறினேன். விரல்கள் வழக்கமாக ஓடும் பாதையில் பாதி ஜி கம்பியில் இருந்தது. அதே ஸ்வரத்தை டி கம்பியில் ஐந்து ஃப்ரெட் தள்ளித் தேட வேண்டும். தேட வேண்டுமானால் அது என்ன ஸ்வரம் என்று தெரிய வேண்டும். இருநூறு தடவை வாசித்த பாட்டு. அதன் பேஸ் மெட்டை வாய்விட்டுப் பாடு என்றால் எனக்குப் பாட வரவில்லை!

கைக்கு வடிவம் தெரிந்திருக்கிறது, காதுக்குப் பாட்டு தெரியவில்லை. எட்டு வருடம் காதைப் பட்டினி போட்டுவிட்டு, சலிப்பாக இருக்கிறது என்று புலம்பியிருக்கிறேன்.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான். வாசித்து வாசித்து அலுத்துப்போன ஒரு பாட்டை எடுங்கள். பேஸைத் தொடாமல், அதன் பேஸ் மெட்டை மட்டும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை "தும் தும்" என்றாவது பாடுங்கள். எங்கே வாய் நிற்கிறதோ, அங்கே நீங்கள் இதுவரை கேட்டதே இல்லை. அந்த இடத்தை மட்டும் ஹெட்ஃபோனில் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பாட வந்த பிறகு வாசியுங்கள், அதுவும் ஒரே கம்பியில். விரல் பாதை இல்லாததால் காதுதான் வழி சொல்லியாக வேண்டும்.

எண்பதுகளின் இளையராஜா பாடல்களை இதற்கு எடுத்தால் ஒரு மாதம் போவது தெரியாது. பாடகருக்குக் கீழே பேஸ் தனியாக இன்னொரு மெட்டையே பாடிக்கொண்டு போகும், அவர் கைப்பட எழுதிக் கொடுத்தது. அதை நான் ரிசப்ஷன் மேடைகளில் ரூட்டும் ஃபிஃப்த்தும் என்று கார்டுக்கு இரண்டே ஸ்வரமாக்கி, சப்பென்று வாசித்துவிட்டு, பாட்டு போரடிக்கிறது என்று சொல்லித் திரிந்தேன்.

நோட் எங்கே முடிகிறது என்று பார்க்காமல் விடுவது

எங்கே தொடங்குவது என்றுதான் எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். முடிவதில்தான் பாதி விளையாட்டு இருக்கிறது. ஒரு மெதுவான பாட்டில் காலால் அடிக்கும் கிக் டிரம்மோடு ஏ ஸ்வரத்தைத் தொடங்கி, குச்சியால் அடிக்கும் ஸ்நேர் விழும் நொடியில் நிறுத்துங்கள். இடது விரலை லேசாகத் தளர்த்தினால் போதும். கம்பியை விட்டு எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் ஓபன் கம்பி முனகும். அடுத்த சரணத்தில் அதே ஏ-வை ஸ்நேரைத் தாண்டி இழுத்துவிடுங்கள். ஒரே நோட், ஒரே ஃப்ரெட். முதலில் பாட்டு நடந்தது, இப்போது மிதக்கிறது. டிரம்மர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். பார்க்கவில்லையென்றால் அவருக்கும் சலித்துப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

போரடிக்கிறது என்று இடைவெளியெல்லாம் நிரப்புவது

உங்களுக்குப் போரடித்தால் பாடகர் என்ன செய்வார்?

கம்பி மேல் பழி போடுவது

பழைய கம்பியைக் கொதிநீரில் போட்டால் கொஞ்ச நாளைக்குப் பளிச்சென்று ஒலிக்கும், உண்மைதான். வீட்டு சாம்பார் பாத்திரத்தில் ஒருமுறை செய்துவிட்டு ஒரு வாரம் வெளியே சாப்பிட்டேன். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவன ஸ்டுடியோவில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962-ஆம் வருடத்து பிரிசிஷன் பேஸில், வழுவழுப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பிகளை அறுந்தால் ஒழிய மாற்றாமல், வலதுகை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். அறுபதுகளின் அமெரிக்க ஹிட் பாடல்களில் பாதிக்கு அடியில் அந்த ஒற்றை விரல்தான் இருக்கிறதோ என்று தோன்றும். அதற்காகத் துருப்பிடித்த கம்பியில் வாசிக்கச் சொல்லவில்லை.

ஸ்லாப்

கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிப்பது. ரிசப்ஷனில் வேண்டாம்.

ஒருநாள்கூட விடக்கூடாது என்ற பிடிவாதம்

நாலு நாள் விடுங்கள். விரல் நுனித் தோல் எங்கேயும் போகாது.

தனியாகவே வாசித்துக்கொண்டிருப்பது

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பையனை விசாரித்தபோது தெரிந்தது, ஏழு மாதமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ பார்த்து வாசித்திருக்கிறான். திரையில் எந்த ஃப்ரெட்டில் விரல் வைக்க வேண்டும் என்று எண் ஓடும், இவன் விரல் வைப்பான். ஒரு ஆளோடும் சேர்ந்து வாசிக்கவில்லை. பேஸ் தனி ஆவர்த்தன வாத்தியமா? சாம்பார் இல்லாமல் வெறும் இட்லியை எத்தனை நாள் சாப்பிட முடியும்? அவன் தெருவிலேயே கஹோன் (மேலே உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி) வாசிக்கிற பையன் ஒருவன் இருக்கிறானாம், பேச வெட்கமாம்.

ஐந்து கம்பிக்கு முன்பணம் கொடுத்துவிட்டாயா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றான். இந்த ஞாயிறு வரும்போது பேஸ் கொண்டுவர வேண்டாம், கஹோன்காரனைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். அவன் தட்டட்டும், இவன் பாடட்டும்.