கடலூர்க் கோயில்களுக்கு ஒரே காலையில் போகிறவர்களுக்கு

முதலில் பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். முகூர்த்த நாளென்றால் திருவந்திபுரம் பக்கமே தலைகாட்டாதீர்கள். அன்றைக்குத் தேவநாத சுவாமி கோயிலைச் சுற்றி வரிசையாகக் கல்யாணங்கள்தாம். மாலையும் மேளமுமாக மாப்பிள்ளைகள் மோதிக்கொள்ளும் கூட்டத்தில் பெருமாளை நிதானமாகச் சேவிக்க முடியாது.

சாதாரண நாளில் விடிந்ததும் அங்கே போய்விடுங்கள். எதிரே ஔஷதகிரிக் குன்றின் மேல் கல்விக் கடவுளான ஹயக்ரீவர் சந்நிதி. வெயில் ஏறிவிட்டால் கருங்கல் படி வெறுங்காலைச் சுட்டுவிடும். ஆகவே முதலில் குன்று, பிறகு கீழே பெருமாள். பரீட்சைக் காலத்தில் ஹயக்ரீவர் முன் பேனாவும் நோட்டுமாகப் பிள்ளைகள் கூட்டம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே பெருமாள் கோயிலுக்குள் சேஷ தீர்த்தக் கிணறு இருக்கிறது. வேண்டுதல் உள்ளவர்கள் உப்பு, மிளகு, வெல்லம் போடுவது வழக்கம்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர். சமணர்கள் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளிய அப்பர் கரையேறிய தலம் இதுதான். தலமரமான பாதிரியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். ரயில் நிலையமும் பக்கத்திலேயே இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்கு வசதி.

பதினொன்றரைக்குள் இங்கே வந்துவிடுங்கள். நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறப்பார்கள்.