பேட்டரி டிரில்: முதலில் பொடியைப் பாருங்கள்

போன கோடையில் வேலூர் சத்துவாச்சாரியில் அத்தை வீட்டுக் குளியலறையில் டவல் ராடு மாட்டப் போனேன். காலையில் வெளிச்சுவரில் ஓட்டை போட்ட டிரில்லில் அதே பிட் (துளைக்கும் முனை), சுற்றிக்கொண்டே இடிக்கும் அதே ஹேமர் மோடு. டைல் மேல் வைத்து அழுத்தினேன். மூன்று நொடிகூட ஆகியிருக்காது, முடி இழை மாதிரி ஒரு விரிசல் கிளம்பி டைலின் விளிம்பு வரை ஓடிவிட்டது. அந்த டிசைன் இப்போது கடையில் வருவதில்லை. "பரவாயில்லப்பா" என்றார் அத்தை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

நான் பார்த்தவரை வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்குப் பின்னால் உள்ள வளையத்தில் சுத்தியல் படம் இருக்கிறதே, அது செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் மட்டும். டைல், மரம், இரும்பு, கண்ணாடி எதிலும் அதைத் தொடக்கூடாது. டைலுக்கு ஈட்டி முனை பிட் தனியாகக் கிடைக்கும். குறித்த இடத்தில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, ஹேமர் இல்லாமல், மெதுவான வேகத்தில் சுற்ற விடுங்கள். நனைத்த பஞ்சால் அவ்வப்போது பிட்டைக் குளிர வையுங்கள். மெஷினுக்குள் தண்ணீர் போகக்கூடாது. டைலைத் தாண்டியதும் சுவர் பிட்டுக்கு மாறலாம். அந்த பிட் டைல் ஓட்டையின் ஓரத்தில் உரசாத அளவில் இருக்க வேண்டும்.

சுவரில் ஓட்டை போடும்போது வெளியே வரும் பொடியைக் கவனியுங்கள். முதல் ஒரு சென்டிமீட்டருக்குப் பூச்சின் சாம்பல் பொடி வரும். அப்புறம் சிவப்பாக வந்தால் செங்கல், கவலையில்லை. சாம்பலாகவே தொடர்ந்து, பிட்டும் நகர மறுத்தால் உள்ளே கான்கிரீட் பீமோ, கதவு ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டலோ இருக்கிறது. வெளிறிய பொடி மாவு போலக் கொட்டினால் ஏஏசி பிளாக், அதாவது காற்றுத் துளைகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல். அங்கே ஹேமர் வேண்டாம், ஸ்க்ரூவுக்காக ஓட்டையில் செருகும் சாதாரண பிளக்கும் பிடிக்காது, அதற்கென்று உள்ள பிளக் வாங்க வேண்டும். பழைய வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சும் இப்படித்தான் உதிரும். சட்டென்று நின்று இரும்பு கீச்சிட்டால் கம்பி. அதை அறுக்கப் பார்க்காதீர்கள், இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள்.

கருங்கல் வேறு கதை. நம் வேலூர்க் கோட்டை 400 ஆண்டு தாண்டி நிற்பது அந்தக் கல்லில்தான். சமையல் மேடை கிரானைட்டில் குழாய்க்குப் பெரிய துளை வேண்டுமென்றால் 12 வோல்ட் மெஷினோடு மல்லுக்கு நிற்காதீர்கள். வைர முனை பிட் வைத்திருக்கும் கல் வேலைக்காரரைக் கூப்பிடுங்கள்.

"பேட்டரி மெஷின்தானே, ஷாக் அடிக்காது" என்று பலர் சொல்கிறார்கள். அப்படியில்லை. சுவருக்குள் ஓடும் ஒயரை பிட் தொட்டால் சக் வழியாகக் கைக்கு மின்சாரம் வரலாம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஒயர் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யலாமே. பேட்டரி மெஷினுக்கு அது ஒரு பெரிய வசதி.

இரும்பு கேட்டில் பிட் வழுக்கி ஓடாமலிருக்க, முதலில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கம்பியால் ஒரு குழி அடியுங்கள். ஒரு சொட்டு எண்ணெய், குறைந்த வேகம். 8 மில்லிமீட்டர் ஓட்டைக்கு 3 மில்லிமீட்டர் பிட்டில் தொடங்குங்கள். சுருள் சுருளாகத் துண்டு வந்தால் சரி. புகைந்து பிட் நீலமானால் வேகம் அதிகம். மெல்லிய தகடுதான் பயங்கரம். பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில் தகடு மாட்டிக்கொண்டு மின்விசிறி இறக்கை போலச் சுழலும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யவே கூடாது. மரக்கட்டை மேல் வைத்து கிளாம்ப் போடுங்கள்.

மரத்துக்கும் அடியில் ஒரு பலகை வையுங்கள், பின்பக்கம் சிராய் கிளம்பாது. தொடை மேல் வைத்துத் துளைக்காதீர்கள்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், சுவர் வேலைக்கு மாஸ்க்கும். ஆனால் கையுறை வேண்டாம். சுழலும் பிட் அதைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டா, தோள் துண்டு, தொங்கும் சட்டைக் கை எல்லாம் அப்படித்தான். பிட் மாற்றும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக நம் ஊர் வெயில். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் பேட்டரியை மொட்டை மாடியிலோ வண்டி சீட்டுக்கடியிலோ விட்டுவைக்காதீர்கள். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரிலும் செருகாதீர்கள். நான் அதைக் கழற்றி நிழலில் தரையில் வைப்பேன். தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்திருந்தால்தான் சார்ஜ்.