தெற்கே தெரிகிற கிழ நட்சத்திரங்களைத் தேடிப் பிடிக்க

ஆடி மாதம் ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு மொட்டை மாடியில் தெற்கே பாருங்கள். தேளின் கொடுக்கான மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவில், நம்ம நெல்லையில் நல்ல உயரத்திலேயே இருக்கிறது பால்வெளியின் மையம். மேற்கே சாரல் மேகம் மறைத்தால் கிழக்கே செம்மண் தேரிக்காட்டுப் பக்கம் போய்விடுங்கள். பைனாகுலர் இருந்தால் தனுசில் எம்22 என்கிற விண்மீன் கொத்தைப் பிடியுங்கள், பஞ்சுத் துளி மாதிரி தெரியும், அதன் விண்மீன்களில் சூரியனில் இருப்பதில் ஏறக்குறைய 50-இல் ஒரு பங்கு இரும்புதான், இரும்பு குறைவதுதான் கிழத்தின் அடையாளம்.

ஆனால் பால்வெளி மையத்தின் கிழ நட்சத்திரங்களைத் தேடுவது லேப்டாப்பில்தான். வானியல்காரர்களுக்கு ஹைட்ரஜன், ஹீலியம் தவிர எல்லாமே உலோகம் (ஆக்சிஜன்கூட, வேதியியல் வாத்தியார் அடிக்க வருவார்). முதலில் பிறந்த விண்மீன்களுக்கு உலோகம் அதிகம் சேரவில்லை. டவுன் ரத வீதியில் ஆசாரி உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பாரே, இங்கே உரைகல் நிறமாலை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளி: 393.4, 396.8 நானோமீட்டரில் கால்சியக் கோடுகள் மெலிந்திருந்தால் உலோகம் குறைவு.

விண்மீன்களை அளந்த ஐரோப்பாவின் கையா செயற்கைக்கோளிலிருந்து 2022 ஜூனில் வெளியான நிறமாலைகளிலிருந்து, வானியலாளர் ரெனே ஆண்ட்ரே குழு 2023-இல் 17.5 கோடி விண்மீன்களுக்கு உலோக அளவு கணக்கிட்டுப் பட்டியல் போட்டது. இலவசம். அதில் சிவப்புப் பெருவிண்மீன்கள் (வயதாகி ஊதிப் பிரகாசமானவை) தனியாகவே இருக்கும், அதையே எடுங்கள், அவ்வளவு தூரத்தில் குட்டி விண்மீன் மங்கிவிடும். மையத்திலிருந்து 30 பாகைக்குள் வெட்டுங்கள், உலோக அளவு -1.5-க்குக் கீழே என்று வடிகட்டுங்கள் (இது மடக்கை அளவு, சூரியன் 0), அதாவது சூரியனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. இடமாறு கோணம் (பூமி சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் கோணம்) பெரிதாக இருப்பவை பக்கத்து வீட்டுக்காரர்கள், தூக்கிப் போடுங்கள். 26,000 ஒளியாண்டுக்கு அது 0.12 மில்லி ஆர்க்செகண்ட்தான் (ஒரு பாகையில் 36 லட்சம் மில்லி ஆர்க்செகண்ட்). வானியலாளர் ரிக்ஸ் குழு 2022-இல் இப்படித்தான் 20 லட்சம் பெருவிண்மீன்களிலிருந்து சுமார் 18,000 பழசுகளைப் பிரித்தது.

எல்லாரும் ஏமாறுவது தூசியில். அது நீலத்தை விழுங்கிவிடும், உலோகம் குறைந்த பெருவிண்மீன் இயல்பில் கொஞ்சம் நீலமாகத்தான் இருக்கும், தூசி அதைச் சிவப்பாக்கி மற்றவற்றோடு கலந்துவிடுகிறது. அதனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், பால்வெளித் தளத்துக்கு மேலும் கீழும் மூன்று, நான்கு பாகையை விட்டுவிடுங்கள்.

சரி, அங்கே இருப்பவை எல்லாம் அங்கேயே குடியிருப்பவையா? ஆனித் தேரோட்டக் கூட்டம் முழுக்க டவுன்காரர்களா என்ன! கையாவின் நகர்வு எண்களையும் ஆர வேகத்தையும் (நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம்) கால்பை (galpy) என்கிற சுற்றுப்பாதை கணக்கிடும் பைதான் நிரலில் போட்டுச் சுற்றுப்பாதை வரையுங்கள், மையத்தைக் கடந்து வெளியே ஓடுகிறவற்றைத் தனித் தாளில் எழுதி வையுங்கள்.